மின்னஞ்சல் சர்வரை பேக்கப் மென்பொருளில் பதிவு செய்தல்

ஒரு நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிகள் இருக்கும் சர்வரை பேக்கப் மென்பொருளுக்கு அடையாளம் காட்டி, அதன் தரவை நகலெடுக்கும் அதிகாரத்தை வழங்கும் நடைமுறை இது. பெயரைக் கேட்டால் பட்டியலில் ஒரு வரி சேர்க்கும் வேலை போலத் தோன்றும். வெறும் கோப்புகள் இருக்கும் சர்வருக்கு அது ஏறத்தாழ உண்மைதான். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் போன்ற அஞ்சல் சர்வரிலோ, பேக்கப் மென்பொருள் நகலெடுப்பதோடு நிற்பதில்லை. சர்வர் எழுதிவரும் லாக் கோப்புகளை எப்போது அழிக்கலாம் என்று சொல்லும் உரிமையும் அதன் கைக்குப் போய்விடுகிறது. பதிவின்போது செய்யப்படும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி இந்த உரிமையைச் சுற்றியே அமைகிறது.

எக்ஸ்சேஞ்ச் அஞ்சல்களை இ.எஸ்.இ. என்ற டேட்டாபேஸ் எஞ்சினில் சேமிக்கிறது. ஓர் அஞ்சல் வந்தாலும், அழிக்கப்பட்டாலும், வேறு ஃபோல்டருக்குப் போனாலும் அந்த மாற்றம் முதலில் லாக் கோப்பில் எழுதப்பட்டு, பிறகே டேட்டாபேஸில் சேர்கிறது. 2003 பதிப்பில் ஒரு லாக் கோப்பின் அளவு 5 எம்.பி.; 2007 முதல் 1 எம்.பி. லாக்குகள் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் சுழற்சி முறை லாக்கிங் இயக்கப்படாத டேட்டாபேஸில், பேக்கப் வெற்றிகரமாக முடியும்வரை இவை குவிந்துகொண்டே இருக்கும். டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸ் தானாகவே இறங்கிவிடும். அதிலுள்ள பெட்டிகளுக்கு அஞ்சல் நின்றுபோகும். பேக்கப் நடக்காததை நிர்வாகி கவனிக்காமல் விட்ட பல அலுவலகங்களில், முதல் புகார் அஞ்சல் வரவில்லை என்று ஊழியர்களிடமிருந்தே வந்திருக்கிறது.

இயங்கும் டேட்டாபேஸைச் சாதாரணக் கோப்பைப் போல நகலெடுக்க முடியாது. நகலெடுக்கும்போதே உள்ளே மாற்றங்கள் நடந்துகொண்டிருப்பதால் முன்பகுதியும் பின்பகுதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எக்ஸ்சேஞ்ச் 2003 காலத்தில் இதற்குப் பரவலாகப் பயன்பட்டது ஸ்ட்ரீமிங் முறை. 2007 அதையும் வி.எஸ்.எஸ். என்ற நிழல் நகல் சேவையையும் சேர்த்தே ஏற்றது. 2010-இல் ஸ்ட்ரீமிங் நீக்கப்பட்டது. வி.எஸ்.எஸ். முறையில் பேக்கப் மென்பொருள் கோரிக்கை வைக்கிறது. எக்ஸ்சேஞ்சின் ரைட்டர் என்னும் கூறு எழுதுவதைச் சற்றே நிறுத்திக் கொடுக்கிறது. இந்த நிறுத்தம் 20 விநாடிக்கு மேல் நீளக்கூடாது. அதற்குள் நிழல் நகலை உறுதிசெய்யும் கட்டம் 10 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். நகல் பத்திரமாகச் சேர்ந்தபின் "பேக்கப் முடிந்தது" என்று மென்பொருள் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கேட்டபிறகுதான் எக்ஸ்சேஞ்ச் பழைய லாக்குகளை அழிக்கிறது.

பதிவு செய்யும் வழி மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். மைக்ரோசாஃப்டின் டேட்டா புரொடெக்‌ஷன் மேனேஜரில், சுருக்கமாக டி.பி.எம்.மில், அஞ்சல் சர்வரில் ஏஜென்ட் என்னும் துணை நிரல் நிறுவப்பட்டு அது டி.பி.எம். சர்வரோடு இணைக்கப்படுகிறது. ஃபயர்வாலில் 135, 5718, 5719 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: எடுத்த நகல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று டி.பி.எம். சோதிக்க வேண்டுமானால், எக்ஸ்சேஞ்சில் உள்ள இ.எஸ்.இ.யூட்டில் நிரலையும் அதற்குரிய டி.எல்.எல். கோப்பையும் டி.பி.எம். சர்வருக்கு நகலெடுத்து வைக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கு அப்டேட் போட்ட பிறகு இவற்றையும் மாற்ற மறந்தால், இரு பக்கமும் பதிப்பு பொருந்தாமல் சோதனை தோற்கும். ஐ.பி.எம்.மின் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர் (2015-இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்று பெயர் மாறியது) பதிவை வெளிப்படையாகவே ஒரு கட்டளையாக வைத்திருக்கிறது. பேக்கப் நிர்வாகி 'ரெஜிஸ்டர் நோடு' என்ற கட்டளையால் அஞ்சல் சர்வருக்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குகிறார். அஞ்சல் சர்வரின் அமைவுக் கோப்பில் அதே பெயர் எழுதப்படுகிறது.

2010 பதிப்பில் வந்த டி.ஏ.ஜி. அமைப்பு விஷயத்தைச் சிக்கலாக்கியது. இதில் 16 சர்வர்கள் வரை ஒரு குழுவாகி, ஒரே டேட்டாபேஸின் பிரதிகளை வைத்திருக்கலாம். டி.பி.எம்.மில் ஏஜென்ட் எல்லாச் சர்வரிலும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு டேட்டாபேஸுக்கு முழு பேக்கப் எடுக்கும் உரிமை ஒரே ஒரு சர்வருக்குத்தான். மற்றவற்றில் லாக்கைத் தொடாத 'காப்பி' வகை மட்டுமே. எக்ஸ்சேஞ்ச் 2013 எஸ்.பி.1 முதல், விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-இல், குழுவுக்கென்று தனிப் பெயரோ ஐ.பி. முகவரியோ இல்லாமலே டி.ஏ.ஜி. அமைக்க முடிந்தது. குழுவின் பெயரைத் தேடியே பதிவு செய்யும்படி எழுதப்பட்ட பேக்கப் மென்பொருள்களுக்கு இது தலைவலியானது: தேடுவதற்குப் பெயரே இல்லை.

இத்துறையில் மிகவும் கெடுதலான தவறு ஒன்று உண்டு. ஒரே அஞ்சல் சர்வரை இரண்டு மென்பொருள்களில் பதிவு செய்து, இரண்டுக்கும் முழு உரிமை கொடுப்பது. இரவு 10 மணிக்கு ஒன்று முழு பேக்கப் எடுத்து லாக்குகளை அழிக்கிறது. நள்ளிரவில் மற்றொன்று, முந்தைய நகலுக்குப் பிறகு வந்த லாக்குகளை மட்டும் எடுக்க வருகிறது. சங்கிலியில் நடுக்கண்ணியைக் காணோம். மீட்டெடுக்க நினைக்கும் நாளில் முழுத் தொடர் எந்த ஒன்றிடமும் இருக்காது. மெய்நிகர் இயந்திரத்தை அப்படியே நகலெடுக்கும் மென்பொருளும் எக்ஸ்சேஞ்சை அறிந்து செயல்படும்படி அமைந்திருந்தால் இதையே செய்யும். அதை ஒருவர் 'சும்மா கூடுதல் பாதுகாப்புக்கு' என்று சேர்ப்பதுண்டு. இரண்டாவது மென்பொருள் வேண்டுமென்றால் அதை 'காப்பி' வகையில் வைப்பதே சரி.

மென்பொருளின் திரையில் பச்சை அடையாளம் வந்துவிட்டதாலேயே பதிவு சரியாகிவிட்டது என்று கொள்ள முடியாது. முதல் முழு பேக்கப் முடிந்தபின் சர்வரின் ஈவென்ட் லாகில், இ.எஸ்.இ. பெயரில் 224 என்ற எண் தெரிந்தால் பழைய லாக்குகள் அழிக்கப்பட்டுள்ளன. 225 என்றால் அழிக்கத்தக்கது எதுவும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் கடைசி முழு பேக்கப் தேதியைத் தானே குறித்து வைக்கிறது. மென்பொருள் 'வெற்றி' என்று சொல்லியும் அந்தத் தேதி நகரவில்லை என்றால், நடந்தது வெறும் கோப்பு நகல்தான்.

எல்லா அஞ்சல் சர்வருக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. கியூமெயிலுக்காக டேனியல் ஜே. பெர்ன்ஸ்டீன் உருவாக்கிய மெயில்டிர் வடிவில் ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பு. டவ்காட் போன்ற லினக்ஸ் சர்வர்கள் அந்த வடிவைப் பயன்படுத்தும்போது, சாதாரணக் கோப்பு பேக்கப்பே பெரும்பாலும் போதும்.

மைக்ரோசாஃப்டே இணையவழி நடத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனுக்கு மாறியவர்களிடம் ஏஜென்ட் நிறுவ சர்வரே இல்லை. அங்கே பேக்கப் மென்பொருள், மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐ.டி.யில் ஒரு செயலியாகப் பதிவாகிறது; அஞ்சல் பெட்டிகளைப் படிக்க நிர்வாகி ஒப்புதல் தருகிறார். லாக்கை அழிக்கும் உரிமை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதற்குப் பதிலாகக் கவனிக்க வேண்டியது செயலியின் ரகசியச் சாவியின் காலாவதி தேதி. நிர்வாகத் தளத்தில் அதை உருவாக்கும்போது அதிகபட்சம் 24 மாதம்தான் கொடுக்க முடியும். அதற்குள் புதிய சாவி போடாவிட்டால் மென்பொருளால் உள்ளே நுழைய முடியாது.