இடி, கடல், ஒரு தொப்பி!

சீனப் பல்கலைக்கழகங்களில் 'உலக வரலாறு' என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? சீனா நீங்கலாக மற்ற நாடுகளின் வரலாறு! அண்ணன், தம்பி பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி, சீன வரலாறு தனிக்குடித்தனம், உலக வரலாறு தனிக்குடித்தனம்.

இரண்டு வீட்டிலும் உரிமையோடு புழங்கிய ஒரு மனிதர் இருந்தார். பெயர், லெய் ஹைட்சுங். 'லெய்' என்றால் இடி; 'ஹை' என்றால் கடல். குரல் இடி மாதிரி, படிப்பு கடல் மாதிரி என்று பெயரை வைத்தே அவரைப் புகழ்வார்கள். 1927-ல் சிகாகோவில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு நாடு திரும்பியவர். பிறகு, பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வகுப்பில் குறிப்பே பார்க்கமாட்டார். கிரேக்கமோ, சீனாவோ... பெயரும் ஆண்டும் அருவியாகக் கொட்டும்!

1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1952-ல் சோவியத் பாணியில் பல்கலைக்கழகங்களைக் கலைத்துப்போட்டு அடுக்கினார்கள். லெய், தியன்ஜின் நகரத்து நன்காய் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார். பாடமும் மாஸ்கோ சரக்குதான். எந்த நாடானாலும் ஆதிப் பொதுவுடைமை, அடிமை முறை, நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம் என்று படிப்படியாக ஏறித்தான் சோஷலிசத்துக்கு வர வேண்டும். படி தாண்டக் கூடாது!

1957. 'நூறு பூக்கள் மலரட்டும்' என்று சொல்லி, அறிஞர்களைத் தாராளமாகக் குறை சொல்லச் சொன்னார் மாவோ. லெய் நம்பிவிட்டார். மார்க்சிய சமூக அறிவியல் 1895-லேயே நின்றுபோய்விட்டது என்று போட்டு உடைத்தார். எங்கெல்ஸ் இறந்த வருஷம் அது. அதற்கப்புறம் பழங்காலம் பற்றி எத்தனையோ புதுச் சான்றுகள் கிடைத்துவிட்டன, அவற்றைச் சேர்க்க வேண்டாமா என்பதுதான் அவர் வாதம். அடிமைச் சமுதாயம் எல்லா நாட்டுக்கும் கட்டாயப் படி இல்லை என்றும் எழுதினார். மார்க்ஸைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. தூசு தட்டச் சொன்னார்.

அவ்வளவுதான்! சில மாதங்களில் 'வலதுசாரி' முத்திரை. சீனாவில் இதைத் 'தொப்பி மாட்டுவது' என்பார்கள். வகுப்பறைக் கதவு மூடப்பட்டது. 1961-ல் தொப்பியைக் கழற்றினார்கள். நோயில் நொறுங்கிய உடம்போடு மறுபடி பாடம் நடத்தப் போனார் மனிதர்! 1962 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 60.

பின்னாளில், ஹார்வர்டில் படித்த வூ யூஜின் புதுப் பாதை போட்டார். தனித்தனியாகச் சிதறிக் கிடந்த மக்கள் எப்படி ஒருவரோடொருவர் பிணைந்தார்கள் என்பதே உலக வரலாறு என்றார் அவர். 2011-ல் சீன அரசு, உலக வரலாற்றை முதல்நிலைத் துறையாக உயர்த்தியது. பெருமைதான். ஆனால், சீன வரலாறும் அதே ஆண்டில் இன்னொரு துறையாகப் பிரிந்து நின்றது.

வீட்டுக்குப் பட்டா கிடைத்துவிட்டது. நடுச்சுவர்தான் இடியவில்லை!