மட்டக்களப்பு வாவிக்கரையில் தனிமுயற்சி நூலாசிரியர்

நூலொன்று தோன்றுதற்குக் காரணம் யாது என்னும் வினாவை நம் முன்னோர் பாயிரத்திலேயே எழுப்பினர். சிறப்புப் பாயிரத்தின் இலக்கணங் கூறப் புகுந்த நன்னூலார், ஆக்கியோன் பெயர், வழி முதலாக எட்டினை வகுத்தபின், காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் உடன் சேர்ப்பாரும் உளர் என்று கூறுவர். இவற்றுள் வரலாற்று மாணவனுக்குப் பெரிதும் பயன்படுவன இரண்டு. இந்நூலை ஏன் எழுதினான் என்று கூறுவது காரணம். எதிலிருந்து எடுத்தான் என்று கூறுவது வழி. இவ்விரண்டனையும் கைவிளக்காகக் கொண்டு, மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் தோன்றிய தனிமுயற்சி நூலாசிரியரை இயக்கிய உந்துதல் எத்தகையது என்பதையும், எழுதப் புகும் இளைஞர்க்கு அவர்தம் பணியிலிருந்து கிடைக்கும் அறிவுரை யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனிமுயற்சி நூலாசிரியர் என ஈண்டு யாம் குறிப்பது, அரசாங்கத்தின் ஆணையோ புத்தக வியாபாரியின் முதலோ முன்னிற்க எழுதியவரை அன்று. எழுதுக என்று ஒருவரும் ஏவாதிருக்கத் தாமே ஆய்ந்து, தாமே எழுதி, அதன்பின் அச்சுக்கூலிக்கு வழிதேடி அலைந்தவரையே குறிக்கின்றோம். நூலை வெளியிடுதற்கு ஒரு சங்கமோ ஒரு வள்ளலோ பின்னர்த் துணைநின்றிருக்கலாம். எனினும் முயற்சி தொடங்கிய இடம் அவர்தம் வீட்டுத் திண்ணையே.

வாவியின் கிழக்கே கடலோரமாகக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாகப் பரந்தது படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் நூல்கள் நெடுங்காலம் வழங்கின. ஆயின் அவை நூலாசிரியர் கையில் இருந்தில. கண்ணகையம்மன் கோயில்களில் வழக்குரை ஏட்டைக் கப்புகனார் காத்தனர். ஊரின் குடிமுறையும் கோயில் முறையும் கூறும் ஏடுகள் வண்ணக்கர், வன்னிமை வழியினர் ஆகியோரது வீட்டுப் பெட்டிகளில் உறங்கின. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் அண்ணாவிமாரின் நெஞ்சிலும் கொப்பியிலும் வாழ்ந்தன. ஏடு பழுதாகுங்கால் மற்றோர் ஏட்டிற் படியெடுத்தனர். எடுத்தவர் தம் பெயரை எழுதினாருமுளர், எழுதாதாருமுளர். படியெடுக்கும் கை ஒரு தலைமுறையில் நின்றுவிடின் நூலும் அத்தலைமுறையோடு நின்றுவிடும்.

இந்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதியவை முன்னரே அச்சேறின. வாவியினின்று எழும் இன்னொலியை எமேசன் தெனன்ற் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1859ஆம் ஆண்டில் வெளியான தம் இலங்கை நூலில் விரித்துரைத்தார். எஸ். ஓ. கனகரத்தினம் அவர்கள் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட விவரண நூல் 1921இல் வெளிவந்தது. இன்றும் பயன்படும் நன்னூல் அது; ஆயினும் ஆங்கிலத்தில் அமைந்தது. படுவான்கரை உழவன் தன் ஊரைப்பற்றித் தன் மொழியில் அச்சுநூல் ஒன்றைக் கையிலெடுக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையே தோன்றிய பேரொளி விபுலானந்த அடிகளார். காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்த அவர், 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதத் தேர்விலும், 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத் தேர்வில் வெளிவாரியாகத் தோற்றியும் சித்தியெய்தினார். வெளிவாரியாகக் கற்பவர்க்கு ஒரு குணம் உண்டு. ஐயம் வந்தவிடத்துக் கேட்டற்கு ஆசிரியர் அருகில் இல்லாமையின், அவர் ஐயத்தை நெடுநாள் உடன்வைத்துக்கொண்டு வாழப் பழகுவர். இக்குணத்தின் நன்மையையும் துன்பத்தையும் இக்கட்டுரையாளனும் ஓரளவு அறிவான். அடிகளார் உடன்வைத்து வாழ்ந்த ஐயம், வழக்கொழிந்த யாழைப் பற்றியது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறும் யாழ் எத்தகையது, அதன் நரம்புகள் எவ்வளவினவாய் நின்றன, பண்கள் எவ்வாறு பிறந்தன என்பவற்றைக் கணிதங்கொண்டு அளந்து காணப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். இடையே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். ஆயினும் எந்தப் பல்கலைக்கழகமும் அவரை யாழ் நூல் எழுதுக என்று ஏவவில்லை.

அவரை ஏவியது யாது? சிலப்பதிகாரம் மதுரையிற் படித்த நூலாக மட்டும் அவர்க்கு அமைந்ததன்று. அவர் பிறந்த ஊரில் கண்ணகையம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களிற் குளிர்த்தி நடைபெறும். கோவலன் கதை இரவிரவாகப் பாடப்பெறும். சேரநாட்டிற் கண்ணகிக்குக் கோட்டம் எழுந்ததை ஏட்டிற் படிக்கும் மாணவனுக்கும், வீட்டினின்று கூப்பிடு தூரத்தில் அக்கண்ணகிக்குப் பொங்கலிடுவதைக் கண்டு வளர்ந்த மாணவனுக்கும் வேற்றுமை உண்டு என யாம் துணிகின்றோம். யாழ் நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவிலும் சிதம்பரஞ் செட்டியாரின் வள்ளன்மையிலும், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவர் ஆராய்ந்து அமைப்பித்த யாழ்களும் அவ்விழாவில் எடுத்துச் செல்லப்பெற்றன. ஜூலை 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார். பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனை அவர் அச்சிற் கண்டிருந்தது ஏறக்குறைய ஆறு வாரங்களே.

அடிகளார்க்குப் பின் இப்பணியை மேற்கொண்டோர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர் என்பது கருதத்தக்கது. பண்டிதர் எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வித்துவான் வீ. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தையும், 1968இல் கண்ணகி வழக்குரைப் பதிப்பையும் தந்தார். ஆறே ஆண்டுகளில் மூன்று நூல்கள். முன்னையதை ஈழகேசரிப் பொன்னையா நினைவு வெளியீட்டு மன்றமும், பின்னையதைக் காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கமும் வெளியிட்டன. நூலை அச்சேற்ற ஊர்ச்சங்கம் ஒன்று முன்வந்ததென்பது சிறிய செய்தியன்று. தம் கோயிலிற் பாடப்பெறுவது நூலாகவும் நிற்றல் வேண்டுமென ஊரார் உணர்ந்ததற்கு அது சான்று.

வழக்குரைப் பதிப்பின் அருமையை வெளியூரார் எளிதில் உணரார். இக்காவியம் வேண்டியபோது வேண்டியவர் படிக்கும் நூலன்று. கோயிற் கதவு திறக்கும் வைகாசிச் சடங்கில், முறையறிந்தார் பாட, அடியார் கேட்கும் நூல். அத்தகைய ஏட்டை அச்சுக்கூடத்திற்குக் கொடுத்தல் தகுமோ என்னும் ஐயம் பக்தர்க்கு எழுதல் இயல்பே. அதற்குமேல் பதிப்பாசிரியர்க்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. காரைதீவில் பாடுவதும் தம்பிலுவில்லிற் பாடுவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாதல் வேண்டுமென்பதில்லை. அச்சோ ஒரு பாடத்தையே ஏற்கும். அச்சேறிய பாடமே நாளடைவில் சரியான பாடம் என்று எண்ணப்பெற்று, ஏனைய ஊர்ப் பாடங்கள் பிழையென ஒதுக்கப்படும். காக்க வந்த அச்சு, கவனமின்றேல் அழிக்கவும் வல்லது.

மான்மியத்துக்கும் இது பொருந்தும். ஊர்களின் குடியேற்றம், அரசர் வரிசை, கோயில் உரிமை, குடிமுறை ஆகியவற்றைக் கூறும் அந்நூலிற் புராணமும் வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. அதன் அரசர் வரிசையை அப்படியே வரலாறாகக் கொள்வார் பலர். அது வெறுங்கதையென முற்றாகத் தள்ளுவார் சிலர். இரண்டும் பிழையென்பது எம் கருத்து. கோயிலில் எக்குடிக்கு எம்முரிமை என்று ஒருகாலத்து மக்கள் நம்பினர், எதற்காக வழக்காடினர் என்பதற்கு அது முதன்மைச் சான்று. அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே கீழ்க்கரைத் தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றி 2008இல் வெளியிட்ட பெருநூலில் இம்மான்மியத்தையும் எடுத்தாண்டுள்ளார். மட்டக்களப்புப் பூர்வ சரித்திரம் என்னும் பெயரில் இம்மரபின் மற்றொரு வடிவம் 2005இல் அச்சேறியது. இவ்விரண்டையும் அருகருகே விரித்துப் பார்க்கும் மாணவன், எந்த வரி எந்த ஏட்டினது என்னும் வினா எத்துணை இன்றியமையாதது என்பதைத் தானே கண்டுகொள்வான்.

இவ்வுந்துதல் ஈழத்தார்க்குப் புதிதன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி வரிசையில் நின்றவர், உத்தியோகத்திலிருந்துகொண்டே 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஏடுகள் கையில் எடுக்குமுன்னரே ஒடிந்து உதிர்வதையும், அதனைக் கண்டு தாம் வருந்தியதையும் அவர்தம் பதிப்புரைகளிற் காணலாம். அவருக்கும் நம் வாவிக்கரை ஆசிரியர்க்கும் காரணம் ஒன்றே. நூல் எழுதவேண்டும் என்னும் ஆசையினும், இன்று எழுதாவிடில் நாளை இல்லை என்னும் அச்சமே அவர்களை மிகுதியும் இயக்கிற்று.

புத்திலக்கியம் படைத்தார் நிலை சிறிது வேறு. பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனும் ஆசிரியரே. பாடும்மீன் என்னும் இதழை நடத்தியவர். 1975இல் அவர் மறைந்த பின்னரே வழி என்னும் கவிதைத் தொகுதி 1976இலும், உழவர் வாழ்வைப் பாடும் வேளாண்மை 1982இலும் வெளிவந்தன. கல்முனையில் எம். ஏ. நுஃமான் 1969, 1970ஆம் ஆண்டுகளில் கவிஞன் என்னும் இதழை வெளியிட்டார். மட்டக்களப்பில் ஆசிரியராயிருந்த எஸ். பொன்னுத்துரை, பிற்காலத்தில் மித்ர என்னும் பதிப்பகத்தின் வாயிலாகத் தம் நூல்களையும் பிறர் நூல்களையும் வெளியிட்டார். ஏட்டைப் பதிப்பித்தவர் அழிவுக்கு அஞ்சினர்; இவர்களோ தம் குரலைப் பிறர் கத்தரிக்கக்கூடாதென்று கருதினர் போலும்.

இன்றைய நிலைக்கு வருவோம். இன்றும் ஈழத்துத் தமிழ் நூல்கள் பலவற்றில் ஆசிரியர் பெயரும் வெளியிட்டார் பெயரும் ஒன்றே. சில நூறு பிரதிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் பெறுவோர் தரும் உறையினால் அச்சகக் கடனில் ஒரு பங்கைத் தீர்த்து, எஞ்சிய கட்டுக்களைக் கட்டிலின் கீழ் வைப்பதே நடைமுறை. தன்னைத் தான் புகழ்தல் தகாதென்ற நன்னூலார் பாயிரத்தைப் பிறர் செய்யும்படி விட்டார். அவ்விடைவெளியிற் புகுந்த ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரைகள் இன்று எண்பது பக்க நூலிற் பதினாறு பக்கத்தைக் கொள்ளுகின்றன. இப்பதினாறு பக்கத்தில் காரணம் ஒரு வரியும் வழி ஒரு வரியும் கிடைப்பது அரிது. இளைஞர்க்கு முன்னோர் பணி தரும் அறிவுரை இவ்விடத்தே தொடங்குகின்றது என்பேன். எவரிடம் கேட்டாய், எந்த ஊரில், எந்தக் கொப்பியில், எந்த இடம் வாசிக்க முடியவில்லை என்பவற்றை முதலில் எழுதுக. வாழ்த்துரை பின்னர் வரட்டும்.

இதனை வற்புறுத்தற்குக் காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி இக்கரைகளின் கூரைகளைத் தூக்கிச் சென்றது. 1990இலும் 2007இலும் ஊர்கள் இடம்பெயர்ந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடல் எழுவான்கரையுள் ஏறியது. உயிரை எடுத்துக்கொண்டு ஓடுபவர் ஏட்டுப் பெட்டியை எடுக்க நேரமில்லை. அச்சேறிய நூலுக்கு வேறிடத்திற் பிரதி உண்டு. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் அவற்றைத் திரட்டி வருகின்றது. கைக்கொப்பிக்கு அத்தகைய புகலிடம் தானாகக் கிடையாது.

சென்ற ஆண்டு எம்மிடம் முன்னர்க் கற்ற மாணவர் ஒருவர், படுவான்கரைச் சிற்றூரினர், இரு கொப்பிகளுடன் வந்தார். ஒன்று அவர்தம் கவிதைகள். மற்றது அண்ணாவியாராயிருந்த அவர் பாட்டனார் கைப்பட எழுதிய வடமோடிக் கூத்து. கையிலுள்ள பணம் ஒன்றை அச்சிடவே போதும். எதனை அச்சிடலாம் என்று கேட்டார். கூத்தையே என்று தயங்காது கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "கூத்துக் கொப்பியை நீங்களும் படியெடுக்கலாம், சேர். என் கவிதையை வேறு யார் எழுதுவார்?" என்றார். அதற்கு யான் மறுமொழி கூறவில்லை. இன்றளவும் தக்கதொன்று தோன்றவுமில்லை. அவர் கவிதை நூல் வந்துவிட்டது, நன்றாகவே இருக்கின்றது.

கூத்துக் கொப்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகப் படியெடுத்து வருகின்றோம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்தோம். அடுத்த ஊரில் இக்கூத்தை ஆடிய முதியவர் ஒருவர் உளர். அவர் பாடிக்காட்டும் பாடம் கொப்பியினின்று வேறுபடும் இடங்களை ஓரத்தில் நீல மையாற் குறிக்கின்றோம். இதுவரை 64 பக்கங்கள் முடிந்தன. 31ஆம் பக்கத்தில் விருத்தமொன்றன் மூன்றாம் அடியைக் கறையான் அரித்துவிட்டது. முதியவர்க்கும் அது நினைவில்லை. ஓசைக்கேற்ப நிரப்பித் தருவதாக மாணவர் கூறினார், அவரால் இயலும். அவ்விடத்தை வெறுமையாகவே விட்டு, அரித்த அளவைக் குறித்துள்ளோம்.