ஜீனோ (புதினப் பாத்திரம்)

ஜீனோ, சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) எழுதிய ‘என் இனிய இயந்திரா’, ‘மீண்டும் ஜீனோ’ ஆகிய அறிவியல் புதினங்களில் வரும் இயந்திர நாய். ஆட்சியாளரின் சொல்லை நம்பியே வளர்ந்த நிலா என்ற இளம்பெண்ணுக்குச் சந்தேகப்படக் கற்றுத்தரும் ஆசானாக அமைந்த பாத்திரம்.

முன்னோடிகள்: கொடுங்கோல் எதிர்காலத்தைச் சித்திரிக்கும் நாவல்களில், நம்பி வாழ்பவரின் மனத்தை மாற்ற ஒருவர் வருவது வழக்கம். க.நா.சு. தமிழாக்கிய ஆர்வெல்லின் ‘1984’ (1949) நாவலில், தன் பக்கத்து ஆள் என்று நாயகன் வின்ஸ்டன் நம்பிய ஓ’பிரையனே சித்திரவதைக் கூடத்தில் அவனுக்குப் பாடம் நடத்துகிறான்: கற்றல், புரிதல், ஏற்றல் என மூன்று படிகள். ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) நாவலில் புத்தகம் எரிப்பது மான்டாக்கின் வேலை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஃபேபர் காதுக்குள் வைக்கும் சிறு கருவி வழியாக அவனை வழிநடத்துகிறார்.

தொடர்கதைக் காலம்: ‘என் இனிய இயந்திரா’ 1980களின் நடுவில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. கதை நடப்பது 21ஆம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கத்தில், ஜீவா என்ற தலைவரின் ஆட்சியில். குழந்தை பெறுவதற்கும் அரசு அனுமதி வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று பெயர்கள்கூட இரண்டெழுத்தில் அடங்கிவிடுகின்றன. கணவன் சிபி காணாமற்போன பின் நிலாவுக்குத் துணையாவது, ஆட்சிக்கு எதிராக இயங்கும் ரவியுடன் அவள் வீட்டுக்குள் வந்த ஜீனோ. அது பேசும், புத்தகம் படிக்கும், கேலி செய்யும். நிலா அழும்போது ஆறுதல் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே காரண காரியத்தோடு யோசிக்கச் சொல்லும். வழிகாட்டிகளை மேடைப் பேச்சாளர்களாகவே காட்டிவந்த கதைகளுக்கிடையே, காலடியில் சுருண்டு கிடக்கும் இந்த ஆசான் தனி அழகு. ஜீவா வெறும் பிம்பம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அதன்பின் நிலா அரியணையில் அமர்த்தப்பட்டாலும் கயிறு ரவி, அவன் கூட்டாளி மனோ ஆகியோரின் கையில் இருக்கிறது.

நிலாவின் வழிகாட்டி யார் என்பதில் கருத்து ஒருமை இல்லை. ஆட்சிக்கு எதிராக அவளை முதலில் இழுத்தவன் ரவி என்பதால் அவனையே சொல்வாரும் உண்டு. ஓ’பிரையனின் வஞ்சகத்தை ரவிக்கும் ஃபேபரின் பரிவை ஜீனோவுக்கும் ஆசிரியர் பிரித்துக் கொடுத்தார் என்று கொள்வது கதைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. ரவி அவளுக்கு வேலை கொடுத்தான். ஜீனோ கேள்வி கொடுத்தது.

பிற்காலம்: ‘மீண்டும் ஜீனோ’ இதன் தொடர்ச்சி. முதல் நாவல் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. சுஜாதா பங்களித்த ‘எந்திரன்’ (2010) திரைப்படத்தின் கருவுக்கு இந்நாவல்களே தூண்டுதல் என்பர் சிலர். மனிதனை மிஞ்சும் இயந்திரம் என்ற பொதுக் கருவைத் தாண்டி ஒப்புமை குறைவு என்பர் வேறு சிலர். கதை நடக்கும் ஆண்டுகள் இப்போது கடந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ஜீனோவின் பெயர் அவ்வப்போது வருகிறது.