தேயிலையின் பிறப்பும் பெயர்களும்

ஒரு பொருளின் வரலாற்றை அதன் பெயரே பல வேளைகளிற் கூறிவிடும். தேயிலை இதற்குத் தக்க சான்றாகும். உலக மொழிகள் பெரும்பாலானவற்றில் அதனைக் குறிக்குஞ் சொற்கள் 'சா' என்றோ 'தே' என்றோ தொடங்குகின்றன. ஒரே செடிக்கு இருவகைப் பெயர் வந்தவாறு யாது? இவ்வினாவுக்கு விடை காணின், சீன தேசத்து வாணிகத்தின் வரலாறு ஒருவாறு புலனாகும்.

சென்னொங் என்னும் ஆதி மன்னன் கொதிநீரிலே தேயிலை வீழ, அதனைப் பருகிப் பயனறிந்தான் எனச் சீனர் கூறுவர். இது கி.மு. 2737இல் நிகழ்ந்ததென்பது ஐதிகமேயன்றி வரலாறன்று. உறுதியான சான்றுகள் ஹான் வமிச காலத்திலேயே கிடைக்கின்றன. கி.மு. 141இல் இறந்த ஜிங் பேரரசனின் சமாதியிற் கண்டெடுக்கப்பட்ட இலைகள் தேயிலையே என ஆராய்ச்சியாளர் 2016இல் வெளியிட்டனர். கி.மு. 59இல் வாங் பாவோ எழுதிய நகைச்சுவை ஒப்பந்தமொன்றும், தேயிலை வாங்கிவருதலை அடிமையின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகின்றதென அறிஞர் பலர் கொள்வர்.

பண்டை நூல்களில் 'து' என்னும் எழுத்தே தேயிலைக்கு வழங்கிற்று. அது கசப்புக் கீரையையுங் குறித்தமையால் மயக்கம் விளைந்தது. தாங் வமிச காலத்தில் அவ்வெழுத்திலே ஒரு கோட்டை நீக்கிப் புதிய எழுத்தொன்றை ஆக்கினர். 8ஆம் நூற்றாண்டில் லூ யூ என்பார் இயற்றிய 'சாஜிங்' என்னும் தேயிலை நூல் அதற்கு நிலைபேறளித்தது. எழுத்து ஒன்றாயினும் ஒலி ஒன்றாகவில்லை. கன்ரன் மக்கள் அதனைச் 'சா' என்றனர். பூஜியன் மாகாணத்து அமோய்த் துறைமுகத்தார் 'தே' என்றனர்.

மக்காவோவிற் குடியேறிய போர்த்துக்கேயர் 'சா' என்பதையே கைக்கொண்டனர். தரைவழி வாணிகத்தாற் பாரசீகமும் உருசியாவும் 'சாய்' என்னும் வடிவத்தைப் பெற்றன. ஒல்லாந்தரோ 17ஆம் நூற்றாண்டிலே பூஜியன் வணிகரோடு தொடர்புகொண்டு, 'தே' என்னும் பெயரை மேலை ஐரோப்பாவிற் பரப்பினர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளின் சொற்கள் இவ்வழி வந்தன. நமது 'தேயிலை' என்னுஞ் சொல்லின் முதனிலையும் இக்கடல்வழிப் பெயரே.

இனி வகைகளை நோக்குவோம். பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலொங், செந்தேயிலை, கருந்தேயிலை எனச் சீனர் ஆறு வகை கூறுவர். நாம் கறுப்புத் தேயிலை என்பதை அவர் வடிநீரின் நிறம் நோக்கிச் செந்தேயிலை என்பர். அவர் கருந்தேயிலை என்பது நொதிக்கவைத்த வேறொரு வகை. இவை வெவ்வேறு செடிகளல்ல. பறித்த இலையைப் பதஞ்செய்யும் முறையே வேறுபாட்டை விளைக்கின்றது. கொழுந்தை உடனே சூடாக்கினால் அது பசுமை மாறாதிருக்கும். வாட்டி உருட்டிக் காற்றுப்பட விட்டால் நிறமும் மணமும் மாறும்.

இவ்வுண்மையை ஐரோப்பியர் நெடுங்காலம் அறிந்திலர். தாவரவியற் பேரறிஞரான லின்னேயசும் 1762இல் இரு வேறு இனங்கள் எனப் பகுத்தார். சீனத்தின் உட்பகுதிகளிற் சுற்றிய றொபேட் பொர்ச்சூன் என்பவரே 1840களில் உண்மையை நேரிற் கண்டுரைத்தார்.

அறியாமை நீங்கியதன் விளைவு பெரிது. தேயிலைக்கு வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க விரும்பாத ஆங்கிலேயர் அபினியை விற்றனர். அதனால் 1839இற் போர் மூண்டது. பின்னர் 1848இல் ஆங்கிலக் கீழிந்தியக் கொம்பனி பொர்ச்சூனை மீண்டும் சீனத்துக்கு அனுப்பிற்று. அவர் விதைகளையும் கன்றுகளையும் தொழில் வல்லாரையும் இந்தியாவுக்குக் கொணர்ந்தார். அசாமிலே காடுகளிற் கண்ட தேயிலையும் ஏற்கெனவே பயிராகி வந்தது. காலப்போக்கிற் சீனத்தின் தனியாதிக்கம் முறிந்தது.

இலங்கையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரிற் பயிரிட்டார். தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பால் அப்பயிர் மலைநாடெங்கும் பரவிற்று. நம் தொழிற்சாலைகளில் இன்றும் வழங்கும் 'பெக்கோ' என்பது, இளங்கொழுந்தின் வெண்மயிரைக் குறிக்கும் அமோய்ச் சொல்லே. செடி இடம் பெயர்ந்தது, ஆட்சிகள் மாறின, சொல்லோ தன் பிறப்பிடத்தை மறவாதிருக்கின்றது. மன்னரையும் போர்களையும் மட்டுமன்றி, நாடோறும் வாயில் வழங்குஞ் சொற்களையும் ஆராய்தல் வரலாற்று மாணவர் கடனாகும்.