தளிச்சேரியில் காலியான வீடு: தஞ்சைக் கல்வெட்டின் வாரிசு விதி குறித்து

தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றி கோயில் ஆடல்மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரை முதலாம் இராஜராஜன் குடியமர்த்திய செய்தி எல்லோரும் அறிந்ததுதான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணாக ஹுல்ஷ் பதிப்பித்த அந்த நெடுஞ்சாசனத்தை எடுத்தாள்வோர் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். ஆட்டத்துக்கு வந்தவர்கள் யார், எந்தத் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தார்கள் என்பதைப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் அந்த இடத்துக்கு அடுத்து வருபவரைத் தீர்மானிப்பது யார் என்பதையும் சாசனம் விரிவாகவே பேசுகிறது. கலைஞர் குடியிருப்பு ஒன்றைத் தோற்றுவிப்பதை விட அதை நிலைநிறுத்துவதே கடினம் என்பதால் அந்தப் பகுதியை இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் சாசனத்தைப் பற்றி எழுத வருபவர் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சரைத் தாண்டிப் போக முடியாது. 1969இல் அவர் வெளியிட்ட கட்டுரை, பெரிய கோயிலை ஒரு மன்னனின் ஆடம்பரமாகப் பார்த்த பழக்கத்தை உடைத்தது. உறுதியற்ற அதிகாரத்தைப் பலப்படுத்திக்கொள்ள இராஜராஜன் கையாண்ட வழியே இக்கோயில் என்றார் அவர். ஊர்ச் சபைகளுக்குக் கடனாகச் சென்ற பொன், வட்டியாகத் திரும்பிய நெல்லும் காசும், பல ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட காவலர்கள், பிரமசாரிகள், கணக்கர்கள் எல்லாம் அவர் பார்வையில் தலைநகரோடு நாட்டைப் பிணைத்த இழைகள். பொன்னுக்கும் காவலருக்கும் இந்த வாசிப்பு நன்றாகவே பொருந்துகிறது. பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் கட்டியெழுப்பிய சோழ அரசுக் கோட்பாட்டிலும் இதன் சாயலைக் காண்கிறோம்.

கலைஞர்களிடம் வரும்போது இந்த வாசிப்பு எனக்குப் போதவில்லை. ஸ்பென்சரின் கண் ஊரிலிருந்து தலைநகருக்கு ஓடும் கோட்டின் மேலேயே இருக்கிறது. கோடு வந்து சேரும் தெரு அவருக்குப் பொருட்டாகப் படவில்லை. சாசனமோ தெருவாரியாகத்தான் பேசுகிறது. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி, ஒவ்வொன்றிலும் தென்சிறகு, வடசிறகு, பிறகு வீட்டு வரிசை எண். முதல் வீட்டில் திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்து நக்கன் சேரமங்கை. அவளை அடுத்த வீடுகளிலும் அதே தளியைச் சேர்ந்தவர்கள். திருவாரூர், பழையாறை, திருவிடைமருதூர், நாகப்பட்டினம் என்று பட்டியல் நீள்கிறது. ஒரே தளியில் சேர்ந்து பயின்றவர்களைப் பிரித்துச் சிதறடிக்காமல் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வைத்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. விசுவாசத்தை மன்னனிடம் மட்டும் குவிப்பதே நோக்கமாக இருந்திருந்தால், பழைய குழுக்களைக் கலைத்துப்போடுவதல்லவா வழக்கம்? இது ஊகம்தான். ஆனால் ஸ்பென்சரின் முடிவும் இந்த இடத்தில் ஊகமே.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பங்கு. ஆடவல்லான் என்னும் மரக்காலால் 100 கலம் நெல் விளைவுள்ள நிலம் ஒரு பங்கு. அவர்களுக்குப் பின் நட்டுவம் செய்வோர், பாடுவோர், உடுக்கை வாசிப்போர் வருகிறார்கள். தையான், இரத்தினத் தையான், கன்னான், தட்டான், தச்சர் ஆகியோரும் அதே பட்டியலில் இருக்கிறார்கள். இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பட்டம் பெற்ற குஞ்சரமல்லன் பெயரைக் கல்லில் காண்பது இங்கேதான். ஆடுபவளையும் அவளுடைய உடையைத் தைப்பவனையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்திருப்பது கவனிக்கத்தக்கது. நானூறு என்ற எண்ணின் வெளிச்சத்தில் இவர்கள் மங்கிப்போனார்கள்.

இனி விதிக்கு வருவோம். பங்கு பெற்றவர் செத்தாலோ, வேற்றூர் போய்விட்டாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தக் காணியை, அதாவது பங்குரிமையை, பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால், தகுதியுள்ள ஒருவரை அமர்த்தி வேலையைச் செய்வித்துப் பலனைப் பெற்றுக்கொள்ளலாம். உறவினரே இல்லையென்றால், அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பங்கைப் பெறுவார்.

மூன்று படிகளிலும் அரசன் இல்லை. கோயில் அதிகாரியும் இல்லை. முதல் நானூறு பேரை வரவழைத்தது அரசாணை. நானூற்றியொன்றாவது ஆளைக் கொண்டுவருவது உறவு, அது இல்லாதபோது சக கலைஞர்களின் கணிப்பு. இழை, பிணைப்பு என்று பேசும் வாசிப்பு இந்த இடத்தை விளக்குவதில்லை. கையில் இருந்த நியமன அதிகாரத்தை, அதிகாரம் தேடும் மன்னன் ஏன் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்தான்?

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதுதான். இந்த விதியை வகுத்தவனே மன்னன்; மேற்பார்வைக்கு நாயகம் செய்வோரும் பட்டியலில் இருக்கிறார்கள். இரண்டாம் படியில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. கலை தெரியாத வாரிசு நெல்லை வாங்கிக்கொண்டு கூலிக்கு ஆடுபவளை அமர்த்தலாம். இரண்டு தலைமுறையில் வீடு ஒருவருடையதாகவும் ஆட்டம் இன்னொருவருடையதாகவும் ஆகிவிட இது போதும். அப்படி ஆயிற்றா என்பதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. தஞ்சையின் ஏற்பாடு விதிவிலக்கானது, மற்றக் கோயில்களுக்கு இதை அளவுகோலாக்கக் கூடாது என்ற ஆய்வாளர் லெஸ்லி ஓரின் எச்சரிக்கையையும் ஏற்றுக்கொள்கிறேன். தலைநகர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போன பிறகா, முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையை எரித்தபோதா, எப்போது இந்தத் தெருக்கள் காலியாயின என்பதைத் தீர்த்துச் சொல்ல வழியில்லை.

கைவினைஞர்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்பது இன்னும் சிக்கலான கேள்வி. பெண்டுகளுக்கு வீட்டு எண் தரும் சாசனம் தச்சனுக்கும் தட்டானுக்கும் பங்கை மட்டும் சொல்கிறது. இதே கோயிலின் நிலதானக் கல்வெட்டுகள் வரி இறாத நிலங்களை வரிசைப்படுத்தும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரியையும் சேர்க்கின்றன. பொது இடங்களின் நடுவே அது நிற்பதால் அதைக் கூட்டுப் பட்டறை என்று வாசிக்க ஆசை வருகிறது. ஆனால் பறைச்சேரியும் அதே வரிசையில் இருக்கிறது. ஒதுக்கிவைத்தலின் தடயமாகவும் இதைக் கொள்ளலாம். உலையும் துருத்தியும் உள்ள தொழிலில் வீடு வேறு, பட்டறை வேறு என்று பிரிப்பது கடினம் என்பதால் இரண்டு வாசிப்பும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம் என்பதே என் சார்பு.

ஒதுக்கலின் கனம் கொங்குக் கல்வெட்டுகளில் தெரிகிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று ஓர் ஆணை அனுமதிக்கிறது. ஆணையிட்டவன் கோனேரின்மைகொண்டான், 15ஆம் ஆட்சியாண்டு. பலர் சூடிய பட்டம் அது என்பதால் காலத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. எக்காலமாயினும், சுவருக்குச் சாந்து பூசவே ஆணை வேண்டியிருந்தவர்கள் தம் இடத்தைத் தாமே ஆண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தளிச்சேரி விதியின் மூன்றாம் படி இங்கே இல்லை.

நெடுங்காலம் தாண்டி 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். தஞ்சையிலிருந்து ஒரே கோடாக இதைக் கொண்டுவந்து நிறுத்தும் புகழுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் தொடர்ச்சி ஏதும் இல்லை. ஆனால் ஓர் ஒப்பீடு பயன்படும். இங்கே நிலம் தர மன்னனும் இல்லை, அரசு மானியமும் இல்லை. சென்னைக் கலைக்கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் கைவினைச் சங்கம் அமைத்து, பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் ஏறத்தாழ 10 ஏக்கரை வாங்கினார்கள். தஞ்சையில் ஆள் தேர்வு முதலில் அரசனிடம் இருந்தது, சக கலைஞர்களின் முறை கடைசியில் வந்தது. ஈஞ்சம்பாக்கத்தில் அது தலைகீழ்: சங்கத்தில் சேர்ந்து உழைத்தவர்கள் முதல் குடிகளானார்கள், வாரிசுக் கேள்வி முதல் தலைமுறைக்குப் பிறகுதான் எழுந்தது.