பின்பக்கமாக ஊதிய வாக்குவம் கிளீனர்

இதயத்தைப் பற்றி எழுத இன்ஜினீயருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இதயம் ஒரு பம்ப். பம்ப் பற்றிய கதை என்றால் நமக்கும் பங்கு உண்டுதானே!

இதயத்தின் இடது கீழறை திடீரென்று சோர்ந்துவிட்டால், முன்னே தள்ள முடியாத ரத்தம் பின்னால் நுரையீரல் நாளங்களில் தேங்குகிறது. அங்கே அழுத்தம் ஏறி, நீர் கசிந்து காற்றறைகளில் நிறைகிறது. படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை.

1816-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கினார். நீர் கோத்த நுரையீரலின் நறநறப்பு காதுக்கு எட்டியது. நோய் புரிந்தாலும் வைத்தியம் லேசில் வரவில்லை. வெகுகாலம் ரத்தத்தை வெளியேற்றித்தான் சுமையைக் குறைத்தார்கள்.

1936-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் போல்டன் ஒரு வேலை செய்தார். வாக்குவம் கிளீனரின் உறிஞ்சும் பக்கத்தை விட்டுவிட்டு, காற்று வெளியேறும் பக்கத்தில் குழாயை மாட்டி, முகமூடி வழியாக நோயாளிக்குக் காற்றழுத்தம் கொடுத்தார்! 'லான்செட்' இதழில் அதை எழுதவும் செய்தார். அந்த அழுத்தம் காற்றறைகளை மூடவிடாமல் தாங்கும். மார்புக்குத் திரும்பும் ரத்தத்தையும் குறைக்கும். சோர்ந்த பம்புக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் அழுத்தத்துக்கும் அளவு உண்டு. காற்றழுத்தம் கூடினால் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் குறையக்கூடும் என்று 1948-ல் கூர்னாண்ட் குழுவினர் அளந்து காட்டினர். 1960-களில் சிறுநீர் வழியே நீரை இறக்கும் ஃபுரோசமைடு வந்தது. மூச்சுத்திணறலுக்குக் காரணம் இதயமா நுரையீரலா என்ற குழப்பத்தைத் தீர்க்க, பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை உதவும் என்று 2002-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

போல்டனின் யோசனையையும் சோதித்தார்கள். 2008-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 26 ஆஸ்பத்திரிகளின் 1,069 நோயாளிகள். முகமூடி அழுத்தம் மூச்சுத்திணறலைச் சீக்கிரம் தணித்தது. ஆனால் ஏழு நாள் கணக்கில், வெறும் ஆக்ஸிஜனைவிட அதிகம் பேரைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. நல்ல மெஷின்தான், சர்வரோக நிவாரணி இல்லை.

ஜூனியர் தம்பி தங்கைகளே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சீனியர் அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒன்று: நடுராத்திரி படுக்கையில் மூச்சு முட்டினால், "வெறும் வாயுதான்" என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்து உட்காருங்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடுத்த சந்திப்பில் எல்லோரும் பார்க்க வேண்டாமா?