எக்ஸில் போட்டாச்சு... அது புகார் ஆகுமா?

வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஃபிரிட்ஜில் கூலிங் போய்விட்டது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் பாட்டுதான் ஓடுகிறது. வெறுத்துப்போய் நிறுவனத்தை டேக் செய்து எக்ஸில் ஒரு பதிவு போடுகிறீர்கள். ஐந்தே நிமிடத்தில் பதில் வருகிறது: 'சிரமத்துக்கு வருந்துகிறோம். ஆர்டர் எண்ணை டிஎம்மில் அனுப்புங்கள்.' அப்பாடா, புகார் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றும். சட்டப்படி அது இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

டிஎம்முக்குக் கூப்பிடுவதில் ஒரு நியாயம் உண்டு; போன் நம்பரையும் ஆர்டர் எண்ணையும் பொதுவில் போடக் கூடாதுதான். ஆனால் பேச்சு உள்ளே போனதும் ஊர் பார்க்கிறது என்ற அழுத்தமும் போய்விடுகிறது. அப்புறம் 'பார்க்கிறோம்', 'டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று மாதங்கள் ஓடும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 69-வது பிரிவுப்படி, பிரச்னைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். நிறுவனம் பதில் போட்டுக்கொண்டே இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை.

பதிவு போடுவதே வீண் என்று சொல்லவில்லை. ரயில்வே, எக்ஸில் வரும் பயணிகளின் குறைகளை 'ரயில் மதத்' அமைப்பில் பதிவு செய்து நடவடிக்கைக்கு அனுப்புகிறது. தனியார் நிறுவனங்களிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் எங்கே போவது?

ஆன்லைனில் வாங்கிய பொருள் என்றால், முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் அனுப்புங்கள். 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும் (பெரும்பாலும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்).

அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். உங்கள் குறையை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது.

அந்த அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் சாமானியருக்குச் செய்த பெரிய உதவி, என்னைக் கேட்டால், இதுதான். 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய முடியும். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

எச்சரிக்கை இரண்டு

உங்கள் பதிவை நிறுவனம் மட்டும் பார்ப்பதில்லை. அதே லோகோ, ஏறக்குறைய அதே பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவரும் பார்க்கிறார். 'ரீஃபண்ட் தருகிறோம், இந்த லிங்கை அழுத்துங்கள்' என்பார். பணம் உங்களுக்கு வருவதற்கு ஓடிபியோ, யுபிஐ பின்னோ தேவையே இல்லை. கேட்டால் அவர் திருடர்.

இன்னொன்று, வார்த்தை. 'மூன்று முறை புகார் செய்தும் மெக்கானிக் வரவில்லை' என்பது உங்களுக்கு நடந்த சம்பவம். 'இது ஃபிராடு கம்பெனி' என்று எழுதினால் நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் அவதூறுக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பொதுநலனுக்காக உண்மையைச் சொல்வது விதிவிலக்கு. ஆனால் அதை நிலைநாட்ட பில்லும் ஆதாரமும் வேண்டும்.

எனவே அந்த டிஎம் உரையாடலை, தேதி தெரியும்படி, இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்துச் செய்தி நாளைக்கு அழிக்கப்பட்டிருக்கலாம்.